துரைக்கல்லும் மொக்கையன் பேத்தியும்

குரங்கணிக்கு மேலே, காப்பித் தோட்டத்து முனையில் நிற்கிறது துரைக்கல். சிவராத்திரியன்று காலையில் பதினெட்டு வீட்டுப் பங்காளிகளும் அங்கே கூடியிருந்தார்கள். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து வந்து, காடு திருத்தி, காய்ச்சலில் செத்துப்போன துரைதான் அவர்களுக்குக் குலசாமி. துரைக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் வழி சின்னச்சாமி வீடு, இளையவன் வழி சோலைமலை வீடு என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை வளர்ந்திருந்தது. மூத்த வழி என்பதால் பூசையின் முதல் தட்டு சின்னச்சாமி கையில்தான்.

அவர் மகள் அனுசியா, போடியில் ஏலக்காய் மண்டியில் வேலை பார்த்தாள். அவள் கட்டிக்கொள்ள நினைத்த அருண்பாண்டி, சோலைமலையின் மகன். ஒரே குலசாமி என்றால் அண்ணன் தங்கை முறை. "செத்தாலும் நடக்காது" என்று சின்னச்சாமி முடித்துவிட்டார்.

இந்த வருஷம் அருண்பாண்டியின் ஜீப்பில் ஒரு விருந்தாளியும் வந்திறங்கினாள். துரையின் தங்கை வழியில் வந்தவள், பெயர் ஹெலன். வம்சாவளி தேடி அமெரிக்காவிலிருந்து வந்தவளிடம், துரை தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தின் படம் போனில் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவள் என்று அனுசியாவைத்தான் கூட அனுப்பியிருந்தார்கள். ஜீப்பு மலை ஏறி முடிப்பதற்குள் அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டாள்.

இறங்கியதும் அப்பாவைத் தனியே அழைத்து கடிதத்தில் இருப்பதைச் சொன்னாள். சின்னச்சாமியின் முகம் இறுகியது.

"வாசிக்காத. வேற ஏதாச்சும் சொல்லிவிடு. அந்த வெள்ளக்காரிக்கென்ன தமிழா தெரியும்?"

"எனக்குத் தெரியுமேப்பா."

அவள் நேரே கூட்டத்துக்குள் போனாள். தான் வாசித்தால், கல்யாண ஆசையில் மாற்றிச் சொல்கிறாள் என்பார்கள். அதனால் ஹெலனின் போனை வாத்தியார் பொன்னுமணி கையில் கொடுத்தாள். சின்னச்சாமியின் தம்பி அவர். 'இவளை வீட்டில் பூட்டி வையுங்கள்' என்று போன மாதம் யோசனை சொன்னவரும் அவரே.

"தமிழ்ல வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க சித்தப்பா. மாத்துனீங்கன்னா நிறுத்துவேன்."

பொன்னுமணி மனசுக்குள் படித்தார். தொண்டையைச் செருமினார். "ராக்காயி எனக்கு ஒரு மகனைப் பெற்றிருக்கிறாள். ஓடைக்கரை நிலத்தை அவர்களுக்கு எழுதிவைத்துவிட்டேன்."

எல்லோரும் சோலைமலையைப் பார்த்தார்கள். ஓடைக்கரை நிலம் இன்றைக்கும் அவர் வீட்டுப் பட்டாவில்தான் இருக்கிறது.

"மேல வாசிங்க."

"என் சமையல்காரன் மொக்கையன், என் மேலுள்ள பிரியத்தில் தன் பையனுக்குத் துரைச்சாமி என்று பெயர் வைத்திருக்கிறான்."

துரைச்சாமி, சின்னச்சாமியின் பூட்டன். துரையின் மூத்த மகன் என்று இவர்கள் சொல்லிவந்தது அவரைத்தான்.

"அப்ப இத்தன வருசமா வெள்ளக்கார ரத்தம்னு மீசைய முறுக்குனது சமையக்கட்டு ரத்தமாய்யா?" என்று பின்னாலிருந்து ராக்கையா இழுத்தான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கடுதாசி பொய்யி" என்றார் சின்னச்சாமி. மகளை முறைத்தார். "இத்தன பேருக்கு முன்னாடி என்னயச் சமையக்காரன் வாரிசுன்னு நிக்க வச்சிட்டியே ஆத்தா."

"நின்னா என்ன கொறஞ்சு போச்சு? காட்டுக்குள்ள அந்தத் துரைக்கு ஒல வச்சுச் சோறு போட்ட மனுசன் அவரு. நான் மொக்கையன் பேத்தி. சிரிக்கிறவுக நல்லாச் சிரிங்க. ராக்கையா அண்ணே, உங்க வீடும் எங்க கால்வழிதான், மறந்துறாதீக."

ராக்கையாவின் சிரிப்பு நின்றது.

அவள் அப்பாவின் கையிலிருந்த தட்டைப் பிடித்தாள். அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. தேங்காய் ஒருபக்கம் உருண்டது. கடைசியில் அவர் விரல்கள்தான் தளர்ந்தன. தட்டோடு போய்ச் சோலைமலை முன்னால் நின்றாள். நேற்றுவரை அவரையும் சித்தப்பா என்றே கூப்பிட்டவள்.

"இது உங்க சாமி, மாமா. தட்டப் பிடிங்க. அடுத்த சிவராத்திரிக்கு உங்க வீட்டு மருமகளா வந்து கும்பிட்டுக்கிறேன்."

மாமா என்ற சொல்லைக் கேட்டதும் அருண்பாண்டி ஜீப்பிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான். சோலைமலை தட்டையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு மேலாகச் சின்னச்சாமியைக் கூப்பிட்டார்.

"என்ன மச்சான், பூச முடிச்சிட்டுப் பேசுவமா?"

சின்னச்சாமி கீழே போகும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால், போகவில்லை.