ஆற்றங்கரைத் தனிக்குடித்தனம்

விலைக்கு வாங்கப் பார்க்க வந்த அந்த வீட்டில் இளையவளுக்கு முதலில் பிடித்தது சமையலறைக் கதவு. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. மற்றவர்கள் கூடத்து ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள். யாரும் கவனிக்கவில்லை. அவளை யாரும் கவனிப்பது வழக்கமில்லை.

இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. வந்த நாளிலிருந்து கணவனின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அடுக்குமாடி வீட்டில் வாசம். இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. பிரிட்ஜில் கீழ்த்தட்டு இவர்களுடையது. ஓரகத்தி சமைத்து முடித்து மேடையைத் துடைத்த பிறகுதான் அடுப்பு இவள் கைக்கு வரும். ஒரு நாள் குழந்தை மேல்தட்டிலிருந்து பாலை எடுத்துக் குடித்துவிட்டது. ஓரகத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்ப் புதுப் பால் வாங்கிவந்து அதே இடத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் இளையவள் அன்றே மறந்திருப்பாள்.

நியாயமாகப் பார்த்தால் மூத்தவளுக்கும் கஷ்டம்தான். அவள் மகன் சமையலறை மேஜையில், தாளிக்கிற புகைக்கு நடுவே பரீட்சைக்குப் படிக்கிறான். "கொஞ்ச நாள்தானே" என்று சொல்லி அவள் கணவர் தம்பி குடும்பத்தைக் கூட்டிவந்தபோது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடும்பத்துக்கே வாய் மூத்தவள்தான். பள்ளிக்கூடமோ வங்கியோ ஆஸ்பத்திரியோ, இந்த நாட்டு மொழியில் பேசுவது அவள். அண்ணன் தம்பி இருவருக்கும் கிடங்கில் பெட்டி ஏற்றப் போதுமான நாலு வார்த்தை தெரியும். இளையவளுக்கு அதுவும் வராது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெரியவர், அதாவது மூத்தவளின் கணவர், அவளை 'வாயில்லாப்பூச்சி' என்றுதான் கூப்பிடுவார். பிரியத்தோடுதான்.

உண்மையில் அவளுக்கு எல்லாம் புரியும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனையை இவளும் மற்ற இரண்டு முனையை இன்னொருத்தியும் பிடித்து, சுருக்கமில்லாமல் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்ய, எதிரே நிற்பவள் நாள் முழுவதும் புருஷனைத் திட்டிக்கொண்டிருப்பாள். மொழி அப்படித்தான் வந்தது, முதலில் வசவு, பிறகு மற்றது. வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மூத்தவளின் இடத்தில் கால் வைத்ததாகிவிடும். அந்த வீட்டில் கால் வைக்க ஏற்கெனவே இடம் போதவில்லை.

ஆற்றங்கரை வீட்டில் தரகர் விளக்குகளைப் போட்டுக் காட்டினார். கூடத்தில் பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கும் மேலே இருந்தன.

"ஏன் இவ்வளவு மேல வச்சிருக்காங்க?" என்றார் பெரியவர்.

மூத்தவள் தரகரிடம் கேட்டுச் சொன்னாள். "வயசானவங்க இருந்த வீடாம். குனிய வேண்டாம்னு வச்சதாம்."

"நல்லதுதானே, முதுகு வலி மிச்சம்" என்றான் இளையவளின் கணவன். அவனுக்கு ஆற்றைப் பார்த்ததுமே வீடு பிடித்துவிட்டது. 

சுவரில் கீழ்ப்பாதி ஒரு மாதிரி பளபளத்தது, மேல்பாதி மங்கியிருந்தது. இரண்டும் ஒரே நிறம்தான். பெரியவர் அதில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"டேய், நெட்டுல வெள்ள மேப் பார்த்தேன். இந்தத் தெரு பூரா நீலத்துல இருக்கு."

"ஆத்தங்கரை நீலமாத்தான் இருக்கும். செவப்பாவா இருக்கும்?"

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கான்டா."

"நூறு வருஷத்துக்கு நானா இருக்கப் போறேன்? என் பேரன் நீச்சல் கத்துக்கட்டும்."

"நூறு வருஷம் கழிச்சு வரும்னு அர்த்தமில்ல. ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். நாளைக்கே வரலாம். அடுத்த வருஷம் மறுபடியும் வரலாம்."

"நாளைக்கு என் மேல லாரி கூட ஏறலாம். அதுக்காக ரோட்டுக்கே போகாம இருக்க முடியுமாண்ணா?"

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி அறைகளைப் பார்க்கப் போய்விட்டான். பெரியவர் மனைவி பக்கம் திரும்பினார். "பக்கத்து வீட்டம்மா வெளியில நிக்கறாங்க. தண்ணி வந்துதா, எவ்வளவு வந்துதுன்னு கேட்டுட்டு வா. இவளையும் கூட்டிட்டுப் போ. அக்கம்பக்கத்து முகமாவது தெரியட்டும்."

பக்கத்து வீட்டுக்காரி தன் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் கேட்டதும் தூரிகையை டப்பா மேல் குறுக்கே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் வெள்ளம் வந்தது. இந்த வீட்டில் இருந்தவர்களை ஜன்னல் வழியாகப் படகில் இறக்கினார்கள். பிரிட்ஜ் கூடத்தில் மிதந்தது. அதற்கு முன்னாலும் வந்திருக்கிறது, அது முழங்கால் அளவுதான், அதையெல்லாம் இந்தத் தெருவில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆள் வருகிறார்கள், பெயிண்ட் அடித்து விற்றுவிட்டுப் போகிறார்கள். "என்னால்தான் போக முடியவில்லை. வாங்க வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்."

பிறகு உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினாள். மாடி ஜன்னலிலிருந்து குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் இளையவளைப் பார்த்து, "வாங்காதீர்கள்" என்றாள்.

ஒவ்வொரு வார்த்தையும் இளையவளுக்குப் புரிந்தது. ஒன்றும் புரியாதவள் போல, மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

திரும்பும்போது மூத்தவள் நடுவழியில் நின்று கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். உள்ளே வந்ததும் தெளிவான குரலில் சொன்னாள்.

"ரொம்ப அமைதியான தெருவாம். தண்ணி எப்பவோ ஒரு தடவை தோட்டம் வரைக்கும் வந்துச்சாம். அப்புறம் கரையை உயர்த்திட்டாங்களாம்."

"கையை இவ்வளவு உயரத்துக்குக் காட்டினாங்களே? ஜன்னல்ல பார்த்தேன்."

"அதுவா? அவங்க நாய். நின்னா அவ்வளவு உயரம் வருமாம். குழந்தை பயந்துடப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்லி வச்சாங்க."

"அட, நாயா!" பெரியவர் சிரித்துவிட்டார்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்றுதான் இளையவளுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. அடுத்து உறைத்தது வேறு. என்னைத் துரத்த இவள் என் குழந்தையை ஆற்றில் கொண்டுபோய் விடவும் தயார். கோபத்தில் காது மடல் சுட்டது. அவள் வாயைத் திறந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரி இன்னும் வெளியில்தான் நிற்கிறாள். ஆனால் திறந்த பிறகு? எல்லோரும் அதே காரில் ஏறி, அதே வீட்டுக்குப் போக வேண்டும்.

காரில் பெரியவர் மறுபடியும் ஆரம்பித்தார். "இருந்தாலும் மனசு கேக்கல. வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் தனியாம். ஏன் தனி? வராத வெள்ளத்துக்கு எவனாவது தனி இன்சூரன்ஸ் வைப்பானா? ஒரு வருஷம் பொறுத்து..."

"ஒரு வருஷம், ஒரு வருஷம்! இதைத்தான் வந்ததுலேருந்து சொல்ற. நான் தலையெடுத்தா உனக்கு ஏண்ணா எரியுது?"

சிக்னல் விழுந்த பிறகும் பெரியவர் வண்டியை நகர்த்தவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். தம்பிக்காக அவர் விமான நிலையத்தில் பூவோடு நின்றவர். அவர் பிடரி சிவந்திருப்பதை இளையவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார். "வாயில்லாப்பூச்சி, நீ சொல்லும்மா. அங்க இருக்கப் போறது நீதான். வேண்டாம்னு உனக்குத் தோணினா விட்டுடுவோம். இவன் என்னைத் திட்டினாலும் பரவாயில்ல."

பக்கத்தில் மூத்தவள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். 

நெஞ்சளவு என்றால் குழந்தைக்குத் தலைக்கு மேல். மாடி இருக்கிறது. மாடி வரை வராது. வந்தால்? இளையவள் தராசில் வைப்பது போல வைத்துப் பார்த்தாள். ஒரு தட்டில் தண்ணீர், அது வந்தாலும் வரும், வராமலும் போகும். மறுதட்டில் நாளைக் காலை. அது நிச்சயம் வரும். மேடையைத் துடைத்து முடிக்கும்வரை கையில் பாத்திரத்தோடு கதவோரம் நிற்க வேண்டும்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மாமா" என்றாள்.

மூத்தவள் மூச்சை விட்டாள். 

வீடு மாறும் நாளில் அவளே வந்து உதவினாள். தட்டுகளைத் துணி சுற்றி அடுக்கினாள். தன் குக்கரில் ஒன்றைக் கொண்டுவந்து, "எடுத்துக்கோ, எனக்கு ரெண்டு எதுக்கு" என்று பெட்டியில் வைத்தாள். ஆறு வருடத்தில் அவள் கையால் தானாகக் கொடுத்த முதல் பொருள். ஆண்கள் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டு படி இறங்கினார்கள்.

"குழந்தைக்குப் படுக்கை எங்க போடப் போற?" மூத்தவள் நிமிராமல் கேட்டாள்.

"மாடியிலதான்."

"பாஸ்போர்ட் கீஸ்போர்ட் எல்லாத்தையும் மாடியிலேயே வை. கீழ வேண்டாம்."

"ஏன்க்கா, நாய் கடிச்சுடுமா?"

மூத்தவளின் கையில் தட்டு அப்படியே நின்றது. இளையவள் அதை வாங்கி, துணி சுற்றி, மற்றவற்றோடு வைத்தாள்.

"உனக்கு..." 

"எல்லாம் புரிஞ்சுதுக்கா. படகு, பிரிட்ஜ், எல்லாம்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?" மூத்தவளின் குரல் உடைந்து கோபமாக வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நீ சொல்லியிருந்தா நான்..."

"நீங்க என்னக்கா பண்ணியிருப்பீங்க? பால்ல பங்கு தந்திருப்பீங்களா?"

மூத்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது இளையவள் பார்த்ததில்லை, அந்த அழுகை அழகாகவும் இல்லை. "மழை பலமா பெஞ்சா ஃபோன் பண்ணு. எந்நேரமானாலும். அவர் வந்து கூட்டிட்டு வருவார்."

"கழுத்தளவு வந்தாலும் பண்ண மாட்டேன்க்கா."

சொன்ன பிறகு இளையவளுக்கும் கண் நிறைந்தது. யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த மனைவியையும் பெட்டியருகே நின்ற தம்பி மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"டேய், இங்க வந்து பாரு!" என்று படிப்பக்கம் கத்தினார். "பிரியறதுக்கு அழுவுற ஓரகத்திங்களை எங்கயாவது பார்த்திருக்கியா? நம்ம வீட்டுல இருக்காங்கடா!"

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.