மலிகா வீட்டு ரூட்டர் திறந்த கதை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. எர்ணாவூர் குடியிருப்பில் மீன் விற்கும் மலிகா சொன்னது. நான் ஆறு தடவை ஆரம்பித்துப் பார்த்தேன்.

[ஆற்றின் மேல் புகை கவிந்திருந்த அந்தக் காலையில்… வேண்டாம். அன்று புகையே இல்லையாம்.]

2

ஐந்து வருடமாக, ஆற்றில் ஆலைக் கழிவு இறங்கும்போதெல்லாம் மலிகா கைப்பேசியில் படம் பிடித்துப் பழைய கணினியில் சேர்த்துவந்தாள். குடியிருப்பு போட்ட வழக்குக்கு அவைதான் சாட்சி. கொல்கத்தாவிலிருந்த ஆய்வாளர் அசல் கோப்புகளைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். மாலை ஆறு மணிக்குள் அனுப்பச் சொல்லி அன்று காலைதான் கேட்டார். (கூரியர் ஏன் இல்லை என்பதற்கு இதுவே பதில். வாட்ஸ்அப்பில் போனால் படம் சுருங்கிவிடும்.)

ஆகவே, கணினிக்குக் கணினி நேராகக் கோப்பு அனுப்பும் மென்பொருளைப் போட்டாள். ‘இணைப்பு இல்லை’ என்று சிவப்பில் காட்டியது. ஆய்வாளரின் அலுவலகத்தில் எதையும் மாற்ற விடமாட்டார்கள். இணைப்புக்கு வழி திறந்தால் இவள் பக்கம்தான் திறக்க வேண்டும்.

3

மீன் விற்பவள் இதையெல்லாம் செய்வாளா என்று சந்தேகப்பட்டு, என் பிரதியில் ஒரு கல்லூரி மாணவனை உதவிக்கு வைத்திருந்தேன். படித்துக் காட்டினேன்.

“அது யாரு? என் வூட்ல அப்டி யாரும் கெடையாதே!”

அவனைப் பிரதியிலிருந்து அடித்துவிட்டேன்.

அவளேதான் செய்தாள். உதவிப் பக்கத்தைக் கைப்பேசியில் தமிழாக்கிப் படித்தாள். கணினியின் ஃபயர்வால் அந்த மென்பொருளைத் தடுத்திருந்தது, அனுமதி கொடுத்தாள். சிவப்பு மாறவில்லை. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், மென்பொருள் வந்துபோகும் வாசலான போர்ட் எண்ணைத் திறந்துவிட்டாள். அப்போதும் சிவப்பு. கடைசியில், ரூட்டர் காட்டிய இணைய முகவரியும் வெளியுலகம் பார்க்கும் முகவரியும் வேறுவேறு என்று கண்டுபிடித்தாள். குடியிருப்பு முழுவதற்கும் ஒரே பொது முகவரி. பூட்டு, இணைப்பு தரும் கம்பெனியிடம் இருந்தது.

அந்தக் கம்பெனியின் லைன்காரர் ரவிக்குமாருக்குப் போன் போட்டாள்.

“ஃபயர்வால மொத்தமா ஆஃப் பண்ணிடுக்கா, சரியாயிடும்.”

“போறவன் வர்றவன்லாம் உள்ள பூந்துடுவான். அதுவும் இல்லாம பூட்டு உங்காண்ட கீது நைனா. எனக்குன்னு தனி அட்ரஸ் குடு.”

“மேனேஜர் ஒத்துக்கணும்க்கா.”

“நம்பர் குடு. நான் பேசிக்கிறேன்.”

மேனேஜரை நாலு முறை அழைத்தாள். ஐந்தாவது முறை அவராகவே அழைத்து, தனி முகவரிக்கு ஒத்துக்கொண்டார். ஒன்றரை மணிக்கு எழுத்து பச்சையானது. உடனே கோப்புகளை அனுப்பத் தொடங்கினாள்.

4

இந்த இடத்தில் ஒரு மின்வெட்டு வைத்தேன். தொண்ணூறு சதவீதத்தில்

[இந்த வாக்கியத்தை அவள் முடிக்க விடவில்லை.]

“கரண்டு போவல. போச்சுன்னு எழுதாத.”

போகவில்லை. ஐந்து நாற்பதுக்கு எல்லாக் கோப்புகளும் சேர்ந்தன. “கிடைத்தன, தெளிவாக இருக்கின்றன” என்று ஆய்வாளர் எழுதினார். மலிகா அப்போதுதான் காலைச் சோற்றைச் சாப்பிட்டாள்.

5

முடிவுக்கு இரண்டு பிரதிகள் வைத்திருந்தேன். ஒன்றில் குடியிருப்பு ஜெயிக்கிறது. இன்னொன்றில் வழக்கு தள்ளுபடியாகிறது. இரண்டையும் கேட்டாள்.

“ஜட்ஜே இன்னும் சொல்லல. நீ இன்னாத்துக்கு அவசரப்படுற?”

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அது வரும் நாளில் எனக்காகக் காத்திருக்காமல் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியதும் எர்ணாவூர் போய் அவளிடம் படித்துக் காட்டுங்கள். நடக்காததை எழுத அவள் விடமாட்டாள்.

[                    ]