மெமரி கார்டு காலியாகும் முன்

விழுப்புரத்தில் அக்கா குழந்தையைப் போட்டோ எடுக்கப் போனேன். "இடமில்லை" என்றது போன். அப்போதுதான் எனக்கு ஸ்டுடியோ வேலை ஞாபகம் வந்தது.

திண்டிவனத்தில் எங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரும் அப்படித்தான் நிரம்பிக் கிடந்தது. காலையில் அதில் எங்கள் வாடிக்கையாளர் அருணாவின் கல்யாண வீடியோவைச் சுருக்கப் போட்டுவிட்டு, ஷட்டரைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், வீடியோவைச் சுருக்கும் இன்னொரு புரோகிராமைக் கிளப்பிவிடும். அது முடிந்ததும் மெமரி கார்டை அழித்துவிடும். 'முடிந்ததா' என்று மட்டும்தான் பார்க்கச் சொல்லியிருந்தேன். 'ஒழுங்காக முடிந்ததா' என்று பார்க்கச் சொல்லவில்லை. இடமில்லாமல் அந்தப் புரோகிராம் பாதியில் செத்தாலும் என் ஸ்கிரிப்டுக்கு அது முடிந்த கணக்குதான். மகா புத்திசாலி நான்!

வேறு பிரதி கிடையாது. கல்யாணமான அடுத்த வாரமே அருணாவின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் நடமாடுவதும் பேசுவதும் அந்தக் கார்டில் மட்டும்தான் இருந்தது.

திண்டிவனம் பஸ் ஏறியதும் முதலாளி தேவநாதன் அண்ணனுக்குப் போன் போட்டேன். கண்டாச்சிபுரத்தில் ஒரு காதுகுத்தில் கேமராவும் கையுமாக இருந்திருப்பார், எடுக்கவில்லை.

"கொஞ்சம் ஜல்தியா போங்கண்ணே," என்றேன் டிரைவரிடம்.

"ஏம்மா, பஸ்ஸுக்கு ரெக்கையா கீது?" என்றார்.

பக்கத்து சீட்டு அம்மா மல்லாட்டை நீட்டினார். வாங்கிய கடலையை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அருணாவிடம் என்ன சொல்வேன்? மெஷின் அழித்துவிட்டது என்பேனா? அழிக்கச் சொன்னதே நான்தானே.

ஸ்டுடியோவுக்கு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினேன். முதல் வீடியோவையே தொடங்காமல் புரோகிராம் நின்றிருந்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு வீடியோ இருக்கிறது, அதன்மேல் எழுதலாமா என்று திரையில் ஒரு கேள்வி. காலையிலிருந்து அது பதிலுக்குக் காத்துக் கிடந்தது. அது முடியட்டும் என்று என் ஸ்கிரிப்டும் கூடவே காத்துக் கிடந்தது. கார்டைத் திறந்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஏற்கெனவே இருந்த அந்த வீடியோவைப் பார்த்தேன். பிள்ளையார் படம், கூடவே கோயில் மணிச்சத்தம். எந்தக் கல்யாண வேலை வந்தாலும் அண்ணன் முதலில் பிள்ளையாரைத்தான் முதல் வீடியோவின் பெயரில் போட்டுவைப்பார். "கம்ப்யூட்டருக்குமா புள்ளையார் சுழி?" என்று கிண்டலடித்துக்கொண்டே நான் அதை அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். இன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அழிக்க மறந்திருந்தேன்.

போன் அடித்தது. அருணா.

"அக்கா, அப்பா பேசினது எதுனா வந்துகீதா?"

கார்டிலிருந்து பந்தி வீடியோவை ஓடவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தேன்.

"ஏம்மா அருணா, சாப்ட்டியா?" என்று கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவள் அப்பா கேட்டார்.



"சாப்ட்டேம்பா," என்று போனிலிருந்து பதில் சொன்னாள் அருணா.