பாவாடையில் தார்

போலியோவில் கால்கள் சூம்பிய தவமலரைப் பத்தொன்பது வயதுவரை இடுப்பில் சுமந்து திரிந்தவள் தாய் சிவக்கொழுந்துதான். ஒரு சங்கம் கொடுத்த உதவிப் பணத்தில் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்றுசில்லு வண்டி வந்ததும் மகள் சொல்லிவிட்டாள்.

"இனி டைப்பிங் வகுப்புக்கு நான் தனியப் போவன். நீங்கள் வரவேண்டாம், அம்மா."

பெற்ற மனம் கேட்குமா? முதல் நாளே வெள்ளவத்தைச் சனத்துக்குள் மறைந்து மறைந்து பின்னால் நடந்தாள்.

கொழும்பில் குண்டு வெடித்த கிழமை அது. பாமன்கடைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் சீற்றுக்கு அடியில் பார்க்க வேண்டும், இறங்கு என்று கைகாட்டினான். தவமலர் வண்டியைப் பிடித்துச் சரிந்து, கொதிக்கிற தார் றோட்டில் இருந்தாள். அவன் மெத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போய்விட்டான். அவளை ஏற்றிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சில்லைப் பிடித்து எழும்பினாள், வழுக்கி விழுந்தாள், மறுபடியும் பிடித்தாள்.

சிவக்கொழுந்து கடைத் தூணுக்குப் பின்னால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்த் தூக்கினால் அந்த வண்டி அன்றோடு வீட்டு மூலைக்குப் போய்விடும். மகள் ஒருவழியாக ஏறிப் போகும்வரை அவள் அசையவில்லை.

பின்னேரம், "றோட்டில கரைச்சல் ஒண்டும் இல்லையோ, பிள்ளை?" என்று கேட்டாள்.

"ஒண்டும் இல்லை, அம்மா. சுகமாப் போய் வந்தனான்."

"அது போதும்."

மகள் கழற்றிப்போட்ட பாவாடையில் ஒட்டியிருந்த தாரை, அவள் கண்ணில் படாமல், மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்தாள்.