பாவிக்கும் முறை

"வலப்பக்கத் தோளுக்கு இன்னொருக்கா ஊத்துங்க புள்ள" என்றாள் மையித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த அசனா மாமி.

பஸ்மியா வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றினாள். கற்பூரம் கலந்த தண்ணீர் அவளுடைய மூத்த சகோதரி றஹ்மா ராத்தாவின் உயிரற்ற தோளில் விழுந்து பலகையில் வழிந்தது. மாமி துணிக்கு அடியில் கைவிட்டு மெதுவாகக் கழுவினாள். றஹ்மாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். கிண்ணியாவில் கலியாண வீடுகளுக்குச் சோறாக்கப் போய் இருபது வருடமாகச் சேர்ந்தவை. மாமி அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு, "எத்தின பேருக்கு ஆக்கிப் போட்ட கை" என்றாள். பஸ்மியா அடுத்த தண்ணீரை மொண்டாள்.

காலை எட்டு மணிக்குக்கூட ராத்தா ஒரு கலியாண வீட்டின் பின்வளவில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டுதான் இருந்தாள். விறகு ஈரம். புகை எழும்பி நெஞ்சில் அடித்தது. பஸ்மியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்து வைத்த சட்டியின் மேல் ராத்தா போய் உட்காருவதையும், நீல நிற மருந்துப் பம்பை எடுத்து வாய்க்குள் அடிப்பதையும் பார்த்தாள். முட்டு வந்து மூச்சு இழுத்தால் ராத்தா எப்போதும் செய்கிறதுதான். இரண்டு தரம் அடிப்பாள், கொஞ்சம் இருப்பாள், எழும்பிவிடுவாள். இன்றைக்கு எழும்பவில்லை. ஆட்டோவில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டும்போதும் அடித்துக்கொண்டேயிருந்தாள். மருந்துப் புகை வாயிலிருந்து திரும்பி வந்து, அவளைத் தாங்கிப் பிடித்திருந்த பஸ்மியாவின் முகத்தில் பட்டது. லேசான கசப்பு. அது ஏன் வெளியே வருகிறது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அரை மணித்தியாலம். அதன் பிறகு ஓர் இளம் பெண் டொக்டர் வெளியே வந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பஸ்மியாவின் கையில் அந்தப் பம்ப் இருப்பதைக் கண்டு கொஞ்சம் தயங்கினாள்.

"அவ இதை எப்பிடி எடுக்கிறவ? ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

பஸ்மியா வாயைத் திறந்தாள். பம்பை ஒரு விரலளவு தள்ளிப் பிடித்து, நாக்கை நோக்கி இரண்டு தரம் அடிப்பதுபோல் காட்டினாள். வாயை மூடி விழுங்கினாள்.

டொக்டர் அந்தப் பம்பைக் குனிந்து பார்த்தாள்.

"எத்தின வருசமா?"

"ஏழு."

"இப்பிடி எடுத்தா நெஞ்சுக்குப் போகாது. நாக்கில பட்டு வயித்துக்குள்ளதான் போயிருக்கும்." பிறகு, தான் சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "கிளினிக்கில ஒருத்தரும் காட்டித் தரயில்லையா?"

அசர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு மையவாடியில் அடக்கப் போனார்கள். பெண்கள் வீட்டுக்குள் பாயில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு றுமானா பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "அந்தப் பம்ப் பழக்கம்தான் கெடுத்தது. பழகிட்டா பிறகு அது இல்லாம நெஞ்சு ஏலாது. நான் அப்பவே சொன்னனான்" என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று பஸ்மியா கேட்டாள்.

குரல் உயரவில்லை. ஆனாலும் பாயில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"இல்ல புள்ள, பொதுவாத்தான்..."

"பொதுவா ஒண்டும் சொல்லாதீங்க. இண்டைக்கு வேணாம்."

றுமானா கேத்தலோடு குசினிக்குள் போய்விட்டாள். பஸ்மியாவுக்கு அவள்மேல் கோபமில்லை. ஆனால் நெஞ்சில் கிடந்த கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. முன்னால் வருகிற முகங்களெல்லாம் பிழையான முகங்களாகவே இருந்தன.

ராத்தாவின் கணவர் ஸெய்னுதீன் மச்சான் மையவாடி மண் ஒட்டிய காலோடு திரும்பி வந்தார். படலையடியில் காலைக் கழுவினார். உள்ளே வந்து, அலுமாரியைத் திறந்து, ராத்தாவின் மருந்துப் பையை எடுத்துப் பஸ்மியாவிடம் நீட்டினார்.

"இதையெல்லாம் எங்கயாவது கொண்டுபோய்ப் போடுங்க மச்சி. கண்ணில படாம."

பைக்குள் மண்ணிறப் பம்ப் ஒன்று. முட்டு வராமலிருக்கக் காலையும் மாலையும் எடுக்கச் சொல்லிக் கொடுத்தது. அதில் உடனே சுகம் ஒன்றும் தெரியவில்லை என்று ராத்தா சரியாக எடுக்கமாட்டாள். கூடவே கிளினிக் கொப்பி, மூலை மடிந்து, மஞ்சள் கறை படிந்து. பஸ்மியா அதை இதுவரை திறந்ததில்லை. ராத்தாவுக்கு வாசிக்க வராது. மாதா மாதம் கொண்டுபோவாள், முத்திரை குத்தித் தருவார்கள், கொண்டுவருவாள்.

திறந்தாள். முதல் பக்கத்தில் பெயர், வயது, முகவரி. அடுத்த பக்கத்தில் திகதி, மருந்தின் பெயர், அதற்குப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை. மூன்று மொழியிலும் இருந்தது. தமிழில்: 'பாவிக்கும் முறை காட்டப்பட்டது.' கீழே ஒரு கையெழுத்து.

அடுத்த மாதமும் அதே முத்திரை. அதற்கடுத்த மாதமும். பஸ்மியா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சில இடங்களில் முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது. ஓரிடத்தில் மை காய்ந்து பாதிதான் பதிந்திருந்தது. அதன் கீழும் கையெழுத்து இருந்தது.

"மச்சான்" என்றாள். "இதைப் பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து வாசித்தார். கொப்பியை மூடித் திருப்பித் தந்தார்.

"எழுதினது அவ்வளவுதான் மச்சி. அல்லாஹ்ட நாட்டம்."

"அல்லாஹ்ட நாட்டத்தை நான் ஒண்டும் சொல்லல்ல. இந்தக் கையெழுத்து வெச்சவங்களைச் சொல்றன். எடுக்கிற முறையை ஏழு வருசம் காட்டினதாம். யாருக்குக் காட்டினது? செவருக்கா?"

"இனிக் கதைச்சி என்ன செய்ற? அவ வருவாவா?"

அவர் கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பஸ்மியா பேச்சை விட்டாள்.

பின்வளவுக்குப் போய்க் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அங்கேதான் அவள் நினைக்க விரும்பாதது நினைவுக்கு வந்தது. முதல் பம்ப் கிடைத்த அன்று ராத்தாவோடு அவளும் போயிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ராத்தா பெட்டியைப் பிரித்து, "நீ படிச்சவதானே, பாத்துச் சொல்லு" என்று நீட்டினாள். பஸ்மியா சாதாரண தரப் பரீட்சை பாஸானவள். உள்ளே மடித்திருந்த தாள் முழுக்க ஆங்கிலம். ஒரு படத்தில் பெண்ணொருத்தி அதை வாயருகே பிடித்திருந்தாள். மற்றப் படங்களை அவள் பார்க்கவில்லை. தாளைத் திரும்ப மடித்துக்கொண்டே, "இதென்ன பெரிய வேலை. வாயத் திறந்து ரெண்டு தரம் அடிக்கிறதுதானே" என்று சொல்லிக் கொடுத்தாள்.

ராத்தா அப்படியே செய்தாள். ஏழு வருடமும் பிசகாமல்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அடுத்த கிளினிக் திகதி எழுதியிருந்தது. நாளைக்கு.

மறுநாள் காலையில் பஸ்மியா யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டாள். கிளினிக்கில் நீண்ட மர வாங்குகளில் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். இலக்கம் எடுத்துக்கொண்டு இருந்தாள். ஐம்பத்தேழு. எல்லோர் மடியிலும் அதே மாதிரிக் கொப்பி. மேசையில் இருந்த தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றார்கள். மிஸ்ஸி ஒரு கொப்பியை வாங்குவாள், எழுதுவாள், குத்துவாள், கொடுப்பாள். தலை நிமிர்வதில்லை.

ஐம்பத்தேழு வந்தது. பஸ்மியா கொப்பியையும் மண்ணிறப் பம்பையும் மேசையில் வைத்தாள்.

"றஹ்மா உம்மா?" என்றாள் மிஸ்ஸி. முத்திரை ஏற்கெனவே கையில் இருந்தது.

"இல்ல. நான் தங்கச்சி."

"ஆள் வராம மருந்து தர ஏலாது."

"மருந்து வேணாம். ராத்தா நேத்து மவுத்தாகிட்டா."

மிஸ்ஸியின் கை நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். களைத்த முகம். பஸ்மியா எதிர்பார்த்து வந்த முகம் அதுவல்ல.

"இந்த முத்திரையில என்ன எழுதியிருக்கு மிஸ்ஸி? வாசிங்க."

மிஸ்ஸி வாசிக்கவில்லை. "நீங்க கொஞ்சம் அங்கால இருங்கோ அம்மா. இவ்வளவு சனம் நிக்குது."

"ஏழு வருசமும் சனம் நிண்டதுதானே. நான் போகமாட்டன். இதை எப்பிடி எடுக்கிறதெண்டு காட்டுங்க. எனக்குக் காட்டுங்க. பிறகு குத்துங்க."

பின்னாலிருந்து யாரோ, "நேரம் போகுது" என்று முணுமுணுத்தார்கள். அதற்குள் முன்வாங்கில் இருந்த ஒரு முதியவர் எழும்பினார். துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டி ஓய்வுபெற்ற ஞானசேகரம். காலையிலிருந்து பக்கத்திலிருந்தவருக்கு அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து தன் பம்பை எடுத்துப் பார்த்தார்.

"எனக்கும் ஒருத்தரும் காட்டயில்லை மிஸ்ஸி" என்றார். "நான் ஒருத்தரையும் குறை சொல்லயில்லை. காட்டயில்லை எண்டுதான் சொல்லுறன்."

மிஸ்ஸி முத்திரையை மேசையில் வைத்தாள். எழும்பி மேசையைச் சுற்றி வந்தாள்.

"முதல்ல மூடியைக் கழட்டி நல்லாக் குலுக்கவேணும்" என்றாள். "மூச்சை முழுக்க வெளிய விடவேணும். பிறகு இதை வாயில வெச்சு உதட்டால இறுக்கி மூடவேணும். மெதுவா மூச்சை உள்ள இழுக்கத் தொடங்கேக்கதான் அமத்தவேணும். அமத்திப்போட்டும் இழுத்துக்கொண்டே இருக்கவேணும். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை விடக்கூடாது."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுவர் மணிக்கூட்டைப் பஸ்மியா பார்த்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்தபோது, நேற்றிலிருந்த கோபம் இன்னும் ஏறியது. மேசையைப் புரட்டிவிடலாம்போல் இருந்தது. மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞானசேகரம் முதல் தரம் அடித்தபோது புகை வாயோரத்தால் வெளியே வந்தது. "திரும்ப" என்றாள் மிஸ்ஸி. இரண்டாம் தரம் ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மிஸ்ஸி விரல்களை மடித்து எண்ணினாள். வாங்குகளில் இருந்தவர்கள் கைப்பைகளையும் சட்டைப் பைகளையும் துழாவத் தொடங்கினார்கள்.

பஸ்மியாவுக்குப் பக்கத்தில், தலையில் முக்காடு போட்ட ஒரு வயதான பெண் அவள் கையைத் தொட்டாள். "எனக்குச் சரியா விளங்கல்ல மகள். நீங்க ஒருக்காக் காட்டுங்க."

பஸ்மியா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். மேசையிலிருந்த மண்ணிறப் பம்பை எடுத்தாள். மாதம் முடிந்தும் மருந்து தீராமல் அது பாரமாகத்தான் இருந்தது. மூடியைக் கழற்றிக் குலுக்கினாள். மூச்சை முழுவதும் வெளியே விட்டாள். ராத்தாவின் பம்பை உதடுகளுக்கிடையில் வைத்து இறுக்கி மூடி, அமத்தாமல், மெதுவாக உள்ளே இழுத்தாள்.

அந்தப் பெண் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு, தன் உதடுகளையும் அதேபோல் குவித்தாள்.