ராட்சதன் காலுக்கு ஒரு ஆள்

வெளியே இன்னும் விடியவில்லை. அரங்கின் கூரைக்குக் கீழே, இருபதடி உயரத்தில் கட்டிய பலகைப் பாலத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து நானும் கிரேன்காரண்ணனும் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம். கடக், கடக் என்று ஒவ்வொரு பல்லாக ஏறி, ராட்சதன் தரையை விட்டு எழுந்தான்.

பதினைந்தடி ராட்சதன். பிரம்பு, தகரம், துணி, எல்லாம் சேர்ந்து மூன்று ஆள் கனம். இரண்டு தோளுக்கும் இரண்டு இரும்புக் கம்பி வடம். வடத்தில் அறுந்த இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். கையுறையைக் குத்திக்கொண்டு உள்ளங்கையில் ஏறும். கிரீஸ் நாற்றமும் பழைய துணி நாற்றமும் கலந்து மூக்கில் ஏறும்.

போஸ்டரில் எங்களைக் கைதேர்ந்த பொம்மலாட்டக் கலைஞர்கள் என்று போட்டிருந்தார்கள். அட போங்கய்யா! எங்களில் யாரும் பொம்மையோடு பிறந்தவர்கள் இல்லை. கிரேன்காரண்ணன் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். புது எந்திரம் உள்ளே வந்தது, அவர் வெளியே வந்தார். கீழே ராட்சதனின் கால்களை ஆட்டுகிற லாரிக்காரர், கண் மங்கி லைசென்ஸைப் பறிகொடுத்தவர். நான் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தவள். காண்டிராக்ட் கை மாறிய அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். என் தங்கச்சி தையல் ஆலையில் காலர் தைத்தவள். கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கேட்டாள், வேலையே போனது. எட்டு மாசம் என் வீட்டில் சும்மா கிடந்தவளை நான்தான் இங்கே கூட்டிவந்தேன். எல்லாரும் ஒரு தடவை துரத்தப்பட்டவர்கள். அது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்தார்.

வடத்தை மாற்றச் சொல்லி கிரேன்காரண்ணன் ரெண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த சீசன் முடியட்டும்யா" என்பதுதான் முதலாளியின் பதில்.

இந்தத் தொழிலில் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பொம்மையைப் பார், வேறெதையும் பார்க்காதே. ஆட்டுகிறவன் கண் போகிற இடத்துக்குத்தான் சனங்களின் கண் போகும். இன்னொன்று, பொம்மையைக் கீழே போடக்கூடாது. அது தடுமாறினால் கை தானாகப் போய்த் தாங்கும். ரத்தத்தில் ஊறிவிட்ட பழக்கம்.

அன்றைக்குக் காலை ஏழு மணி ஒத்திகையில் அந்தப் பழக்கம்தான் லாரிக்காரரைக் கவிழ்த்தது.

டங்கென்று ஒரு சத்தம். இடது தோள் வடம் அறுந்து என் காதோரம் சீறிக்கொண்டு போனது. ராட்சதன் ஒருபக்கமாகச் சரிந்தான்.

"ஓடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

ஓடியிருக்கலாம். ராட்சதன் காலோடு அவர் காலைச் சேர்த்துக் கட்டுகிற வாரை இன்னும் மாட்டியிருக்கவில்லை. மூன்று எட்டு வைத்தால் தப்பியிருப்பார். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மாடியிலிருந்து விழும் பிள்ளையைப் பிடிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அடியில் போய் நின்றார்.

நான் இறங்கி ஓடியபோது தகரத் தோளுக்கடியில் கிடந்தார். "மூஞ்சி உடைஞ்சுதா பாரும்மா" என்றார். தன் மூஞ்சியை இல்லை, ராட்சதன் மூஞ்சியை!

அறையிலிருந்து ஓடிவந்த முதலாளியும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

கிரேன்காரண்ணன் மேலிருந்து ஒற்றை வடத்தில் ராட்சதனைத் தூக்க, அவரை வெளியே இழுத்தோம். கழுத்தெலும்பு போய்விட்டது என்று தொட்டதுமே தெரிந்தது. தங்கச்சி கிழித்துக்கொடுத்த துணியால் கையை மார்போடு கட்டினேன். வாட்ச்மேன் ஒரு ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆட்டோச் சத்தம் தேயக்கூட இல்லை. முதலாளி கையைத் தட்டினார்.

"சரி, சரி. பத்து மணிக்கு ஷோ. அறுநூறு பிள்ளைங்க வர்றாங்க. அறுந்த கம்பியைச் சேர்த்து முறுக்கி ஒரு கிளிப் போடுங்க. காலுக்கு..." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் கண் தங்கச்சியிடம் நின்றது. "நீ நில்லும்மா. உயரம் சரியா இருக்கும்."

"சரிங்க சார்" என்றாள் அவள்.

அவள் அப்போதே நடந்துவிட்டாள்.

பொம்மை வைக்கிற அறைக்கு அவள் பின்னாலேயே ஓடினேன். ராட்சதனின் கால்கள் தனியாகக் கழன்று வரும். அந்தக் காலோடு தன் காலைச் சேர்த்துக் கட்டுகிற தோல்வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். அதைக் கட்டிவிட்டால் அவளால் ஓடக்கூட முடியாது.

"வேணாம்டி. இப்பதான பார்த்த?"

"பார்த்தேன். அதுக்கு?"

"உன் தலை மேல விழும்டி!"

"விழுந்தா ஒரு நாள்தான் சாவேன்க்கா. எட்டு மாசம் தினம் தினம் செத்தேனே, அது உனக்குத் தெரியுமா? உன் வீட்டுல தட்டுல கை வைக்கிறப்பல்லாம் மாமா மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் வைப்பேன்."

அவளுக்கு வடத்தின் மேல் பயமில்லை, வேலையில்லாமல் திரும்பிப் போய் நிற்க வேண்டிய வீட்டுக் கதவின் மேல் பயம். இரண்டில் எது பெரிசு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

வெளியே வந்தால் கிரேன்காரண்ணன் பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"வலது வடத்தை எண்ணிப் பார்த்தேன் சார். ஒரு சாண் நீளத்துல பதினாலு இழை அறுந்திருக்கு. துறைமுகத்துல பத்து அறுந்தாலே வடத்தைக் கழட்டிப் போட்டுடுவோம்."

"இது துறைமுகமாய்யா? இது பொம்மை!"

"பொம்மைக்கு அடியில ஆள் நிக்குது சார்."

"பயமா இருந்தா வீட்டுல போய்ப் படு. ஆயிரம் பேர் கிடைப்பான்."

"பயமாத்தான் இருக்கு" என்றார் அண்ணன். "புது வடம் வர்ற வரைக்கும் அவனை நான் தூக்க மாட்டேன். லாரிக்காரருக்கு வைத்தியமும் நீங்கதான் பார்க்கணும்." ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்கக்கூடாது என்று தோன்றியது.

முதலாளி போனை எடுத்தார். ஒன்பது மணிக்கெல்லாம் ஒரு ஆணும் பெண்ணும் வந்தார்கள். தோளில் பொம்மையாட்டிகளின் கறுப்பு உடுப்புப் பை. போச்சு, எல்லாம் போச்சு. இவர்கள் தூக்குவார்கள், அவள் அடியில் நிற்பாள்.

கிரேன்காரண்ணன் அறுந்த வடத்தின் நுனியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் விரலால் தடவினாள். விரலில் இழை குத்தி ரத்தம் துளிர்த்தது.

"நான் முன்னாடி கட்டட வேலை பார்த்தவ" என்றாள். "சாரம் சரிஞ்சு எங்கண்ணனைத் தூக்கிட்டுப் போனோம்." என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கீழ யாரு நிக்கிறது?"

"என் தங்கச்சி."

அவள் கூட வந்தவனைப் பார்த்தாள். அவன் வாசலைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். கடைசியில் பையைத் தோளிலிருந்து இறக்கினான். இரண்டு பேரும் எங்களோடு உட்கார்ந்தார்கள்.

"போலீஸைக் கூப்பிடுவேன்! இனிமே ஒரு மேடை ஏற முடியாது உங்களால!" முதலாளியின் குரல் கூரையில் மோதித் திரும்பியது. வெளியே பள்ளிக்கூட பஸ்கள் வந்து நிற்கும் சத்தம், பிள்ளைகளின் இரைச்சல். அவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். குரலைத் தேனில் தோய்த்தார். "நீ வாம்மா. நீ நல்ல பொண்ணு. வாட்ச்மேன் திரும்பி வந்துட்டான், அவனைக் கூட்டிட்டு நானே மேல ஏறிச் சக்கரத்தைச் சுத்துறேன். நீ நின்னா போதும்."

தோல்வார் கட்டிய காலோடு அவள் மேடை நடுவில் தனியாக நின்றாள்.

"சார், எனக்கு மேல சுத்தத் தெரியும்" என்றாள் மெதுவாக. "நீங்க கீழ நிக்கிறீங்களா?"

முதலாளி வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அண்ணாந்து பார்த்தார். அந்த வடத்தை அவர் கண்ணால் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஒற்றை வடத்தில் ராட்சதன் மெல்ல ஆடிக்கொண்டிருந்தான். முதலாளி ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். இன்னொரு எட்டும் வைத்தார்.

பின்னால் போகும் அவர் கால்களை நாங்கள் ஐந்து பேரும் பார்த்தோம்.

தங்கச்சி குனிந்தாள். கொக்கி சட்டென்று கழலவில்லை. முதல் வார், இரண்டாவது வார். ராட்சதனின் கால்களைத் தரையில் விட்டுவிட்டு மேடையைக் கடந்து வந்தாள். அழுதுகொண்டுதான் வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகரு" என்றாள்.

நகர்ந்து இடம் விட்டேன்.