எண்பத்தேழு தட்டு

அத்தை எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அவள் என்னிடம் கடன் வாங்கவில்லை. நான்தான் அவள் பெயரில் எழுதிக்கொண்டேன்.

கிடங்கில் மூட்டை தூக்குகிற உடம்பு என்னுடையது. கிள்ள இடுப்பில் சதை கிடையாது. அப்படிப்பட்டவனுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் நர்ஸ் கேட்டாள்.

"பொறந்தப்ப எத்தனை கிலோ இருந்தீங்கண்ணே?"

"ரெண்டு கிலோகூட இல்லையாம். வழுக்கிக்கிட்டு வந்து விழுந்தேனாம். எங்க அத்தை இன்னிக்கும் பெருமையா சொல்லும்."

பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று, நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு அரை வயிறுதான் அளந்து போட்டாள் அத்தை. அதையும் சொன்னேன்.

"அதான். உள்ள இருக்கும்போது சாப்பாடு பத்தலேன்னா, பிள்ளையோட உடம்பு சிக்கனம் பழகிக்கும். பின்னாடி வயிறாரச் சாப்பிட்டா அதுக்குச் சமாளிக்கத் தெரியாது. சர்க்கரை வர வாய்ப்பு கூடிப்போகுது. அதுக்காக மொத்தப் பழியையும் அங்க போடாதீங்க. டீக்கு எத்தனை ஸ்பூன் போடுவீங்க?"

"நாலு."

"அப்ப பாதிப் பழி அதுக்கு."

அவள் சொன்னதில் பின்பாதியை வரும் வழியிலேயே உதறிவிட்டேன். முன்பாதி மட்டும் வீடுவரை கூடவே வந்தது. வீட்டில் என் மகளுக்கு ஏழாம் மாதம். என் மனைவி வேலைக்குப் போய்விடுவதால், பார்த்துக்கொள்ள வந்திருப்பது அதே அத்தை. போன மாதம் மகளின் எடை கொஞ்சமும் ஏறவில்லை.

நான் நுழைந்தபோது அத்தை மகளுக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டுச் சட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு கரண்டி போடு அத்தை."

"தலை பெருத்துரும்டா. வலிக்கப் போறது உனக்கா? உன்னையும் இப்படித்தான் பெக்க வெச்சேன். என்ன குறைஞ்சு போயிட்ட?"

நோட்டை எடுத்து, எழுத்துக் கூட்டி எழுதி, சத்தமாகப் படித்தேன். இரண்டு வருடச் சர்க்கரை மாத்திரைச் செலவு, காரணம் அத்தை அளந்து போட்ட அரை வயிறு என்று நர்ஸ் சொன்னது, தொகை இவ்வளவு. யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை என்பது அத்தையின் கர்வம். முகம் வெளுத்துவிட்டது.

"இவ்வளவுமா என் பேர்ல?"

"காசா வேணாம். இவளுக்குத் தினம் மத்தியானம் ஒரு தட்டு நிறைய. பருப்பு, கீரை, முட்டை. தட்டுக்கு அம்பது கழிச்சுக்கறேன்."

அத்தைக்கு எழுத்துத் தெரியாது, மனக்கணக்கு தண்ணீர்பட்டபாடு. "எண்பத்தேழு தட்டு," என்று முனகினாள்.

"நல்லவேளை, அப்பா வட்டி கேக்கல," என்றாள் மகள், வாயைப் பொத்திக்கொண்டு.

மறுநாளிலிருந்து ஒரு தட்டுக்கு ஒரு கரிக்கோடு, சமையலறைக் கதவின் பின்னால். அடுத்த மாதம் மகளோடு எடை பார்க்கப் போனதும் அத்தைதான். இரண்டு கிலோ ஏறியிருந்தது. திரும்பி வந்தவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். தட்டு நிற்கவில்லை.

எண்பத்து நாலாவது தட்டுக்கு மறுநாள் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ. அத்தை பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. மீதி மூன்று தட்டையும் தூக்குச்சட்டியில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள். மூன்றாம் நாள், பெரிய மனது பண்ணி நோட்டைத் திறந்து கணக்கை அடிக்கப் போனேன். அத்தை கையைக் குறுக்கே வைத்தாள்.

"இருடா. எடை பாக்கப் போன அன்னிக்கே நர்ஸு பொண்ணு சொல்லிட்டா. நாலு ஸ்பூனு! பாதிப் பழி உன் டீக்கு. என் பங்கு நாப்பத்து நாலாவது தட்டுலேயே தீந்துபோச்சு."

பேனாவை இறக்கினேன். "அப்புறம் ஏன் போட்ட?"

"அவ கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டா, கை நிக்கல." குழந்தையின் காலைத் தடவினாள். "உங்கம்மாவும் ஒருநாள் கேட்டா, இன்னொரு கரண்டி. நான்தான் சட்டிய மூடிட்டேன்."

பிறகு அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள்.

"இப்ப நாப்பத்து மூணு தட்டு நீதான் எனக்குப் பாக்கி. எடு."

நான் சட்டைப்பையைத் தடவினேன். அத்தை ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். வாயில் வைத்தால் ஒரே கசப்பு. சர்க்கரை ஒரு துளி இல்லை.

"இனிமே இப்படித்தான் குடிப்பேன்னு சொல்லு. மொத்தமும் தள்ளுபடி."

"சொல்லுப்பா," என்றாள் மகள், படுத்தபடியே சிரித்துக்கொண்டு.

சொன்னேன். முகத்தைச் சுளித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அத்தை என் பேனாவைப் பிடுங்கி, பக்கத்தின் குறுக்கே தாள் கிழிகிற மாதிரி ஒரே கோடு இழுத்தாள்.